பியூக்கை யார் ஓட்டுவது?

ரூனே: ...இரு, டயரை இன்னொரு தடவை பார்த்துடறேன்.

ஊல்லா: இப்பதானே பார்த்த.

ரூனே: முன்னாடிதான் பார்த்தேன். பின்னாடி பார்க்கல.

ஊல்லா: பின்னாடியும் பார்த்த. காலால உதைச்சுகூடப் பார்த்த. உதைச்சா என்ன தெரியும்?

ரூனே: அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்த வண்டி ஊல்லா. வழி பூரா உப்புக்காத்து. டயரை அது என்னமோ பண்ணும்.

ஊல்லா: என்ன பண்ணும்?

ரூனே: ...ஏதாவது பண்ணும்.

ஊல்லா: உள்ள வந்து உட்காரு. நனையற.

ரூனே: மழை விடட்டும். விட்டதும் கிளம்பலாம்.

ஊல்லா: கோத்தன்பர்க்ல மழை விட்டுதான் கிளம்பணும்னா இங்கயே வாடகைக்கு வீடு பார்க்கணும். ஏறுய்யா.

ரூனே: ...ம். ஏறிட்டேன்.

ஊல்லா: ஸ்டியரிங் உனக்கு முன்னாடி இருக்கு. சாவியும் உன் கையில இருக்கு.

ரூனே: தெரியுது.

ஊல்லா: உதட்டுக்குள்ள அந்தப் புகையிலையை ஒதுக்கிட்டுப் பேசாத. ஒண்ணும் புரியல.

ரூனே: தெரியுதுன்னேன். முதல்ல கொஞ்சம் காபி குடு.

ஊல்லா: ரயில்ல ரெண்டு கப் குடிச்ச. டிராம்ல ஒண்ணு. எனக்குன்னு எடுத்து வெச்ச லவங்கப்பட்டை பன்னையும் நீதான் தின்ன.

துறைமுகக் காவலர்: மன்னிக்கணும்... வண்டியைக் கொஞ்சம் நகர்த்தறீங்களா? அடுத்த கப்பல் வண்டியெல்லாம் இறங்கப் போகுது.

ரூனே: இதோ. இப்ப கிளம்பறோம்.

துறைமுகக் காவலர்: நல்ல நீளம். பின்னாடி ஒரு சவப்பெட்டியே படுக்கும். அறுபதாம் வருஷத்து பியூக்கா?

ரூனே: அறுபதேதான். அரிசோனாவுல ஓடினது. ஒரு பொட்டு துரு கிடையாது.

துறைமுகக் காவலர்: நீங்க ரெண்டு பேரும்... சவ அடக்கத் தொழிலா?

ஊல்லா: இல்லீங்க. குடும்ப உபயோகத்துக்கு.

துறைமுகக் காவலர்: ...ஓ. சரி. சீக்கிரம் எடுத்துடுங்க.

ரூனே: கேட்டியா? கேட்டியா அவன் சொன்னதை?

ஊல்லா: கேட்டேன்.

ரூனே: நம்ம பூரோஸ் ஊரே இதைத்தான் கேட்கப் போகுது. உன் புருஷனுக்குப் புத்தி எங்க போச்சு? பெர்டில் ரெண்டு கதவு வண்டியைத் தவிர எதையும் தொட்டதில்ல. இந்த மாதிரி நீள ஸ்டேஷன் வேகன் ஓட்டறவனைப் பார்த்தா "வீட்ல பிள்ளைங்க எத்தனை"ன்னு நக்கலடிப்பான். அவன் போய் இதை வாங்கியிருக்கான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு!

ஊல்லா: வாசல்ல பனி தள்ளப் போனவன் பக்கவாதம் வந்து விழுந்தான். அதுக்கு முன்னாடி உன்கிட்ட வந்து சொல்லிட்டு விழணுமா?

ரூனே: பேச்சு திரும்பின பிறகாவது சொல்லியிருக்கலாம்.

ஊல்லா: பேச்சு எங்க திரும்புச்சு? "ஆமா" ஒண்ணுதான் திரும்பியிருக்கு.

ரூனே: அதுவும் சரிதான். போன ஞாயித்துக்கிழமை சூப் வேணுமான்னேன். ஆமான்னான். வேண்டாமான்னேன். அதுக்கும் ஆமா.

ஊல்லா: கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பதான் நான் சொல்றதுக்கெல்லாம் ஆமா போடறான்.

ரூனே: சிரிக்காத.

ஊல்லா: நான் எங்க சிரிச்சேன்? ரூனே போய் வண்டியை ஓட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். அதுக்கும் ஆமான்னான்.

ரூனே: ...அதுக்குமா?

ஊல்லா: சொன்னதும் சிரிச்சான். ஒரு பக்கம் வாயாலதான். ஆனா நல்லாவே சிரிச்சான்.

ரூனே: சிரிச்சானா... ம். சிரிப்பான். ஏன் சிரிக்க மாட்டான்.

ஊல்லா: சாயங்காலம் ஆஸ்பத்திரி நர்ஸ் அவனை ஜன்னல் பக்கம் கொண்டு வந்து உட்கார வைக்கறேன்னிருக்கா. நாம கீழ வண்டியோட வந்து நிக்கணும். இருட்டறதுக்குள்ள. சாவியைத் திருப்பு.

ரூனே: பிரேக்ல எண்ணெய் இருக்கான்னு...

ஊல்லா: பார்த்த.

ரூனே: விளக்கு?

ஊல்லா: எல்லாம் எரியுது. நீ பொத்தானை அமுக்கின, நான் மழையில நின்னு ஒவ்வொண்ணா "எரியுது, எரியுது"ன்னேன்.

ரூனே: தற்காலிக நம்பர் பலகை சரியா ஒட்டியிருக்கா?

ஊல்லா: யோவ் ரூனே.

ரூனே: என்ன?

ஊல்லா: உன் கொட்டகையில ஒரு டாட்ஜ் கார் நிக்குதே. அதுல அப்படி என்னதான் ரிப்பேர்?

ரூனே: இப்ப எதுக்கு அது?

ஊல்லா: சும்மா கேக்கறேன். நான் கல்யாணமாகி வந்தப்ப கார்பரேட்டர்ன்ன. என் பொண்ணு பிறந்தப்ப கியர்ன்ன. அவளுக்கே இப்ப பொண்ணு இருக்கு. இன்னும் பானெட்டைத் திறந்துதான் வெச்சிருக்க.

ரூனே: பழைய வண்டின்னா அப்படித்தான். ஒண்ணு மாத்தினா ஒண்ணு போகும். உனக்கு இதெல்லாம் புரியாது.

ஊல்லா: சனிக்கிழமை பழைய வண்டிக்காரங்க எல்லாம் ஊர்ச் சதுக்கத்தைச் சுத்தப் போறப்பல்லாம் நீ பெர்டில் வண்டியில பின்சீட்டு. கையில பீர். ஒரு சனிக்கிழமைகூட நான் ஓட்டறேன்னு நீ சொல்லி நான் கேட்டதில்ல.

ரூனே: குடிச்சிருந்தேன்ல. குடிச்சுட்டு ஓட்டலாமா?

ஊல்லா: இன்னிக்குக் குடிக்கல.

ரூனே: இரு, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்.

ஊல்லா: ரூனே.

ரூனே: அந்த டாட்ஜ் ஓடும்.

ஊல்லா: என்னது?

ரூனே: அதுல ஒரு ரிப்பேரும் கிடையாது. எண்பத்தேழுலயே சரி பண்ணிட்டேன். சாவி போட்டா மாவு மில் மாதிரி ஓடும்.

ஊல்லா: அப்புறம் ஏன்...

ரூனே: என்கிட்ட லைசென்ஸ் இல்ல.

ஊல்லா: பிடுங்கிட்டாங்களா?

ரூனே: பிடுங்கறதுக்குக் கையில இருந்தாத்தானே? நான் வாங்கவே இல்ல. வயசுல மூணு தடவை தேர்வுக்குப் போனேன். மூணு தடவையும் ஃபெயில். மூணாவது தடவை தேர்வு வைக்கறவரே பாதியில இறங்கி நடந்து போயிட்டார்.

ஊல்லா: நடந்தா?

ரூனே: "எனக்கும் வீட்ல ஆள் இருக்காங்க"ன்னார். வீட்டுக்கு வந்தா கூட்டாளிப் பசங்க எல்லாம் வாசல்ல நிக்கறாங்க. கிடைச்சுதான்னாங்க. கிடைச்சுதுன்னுட்டேன். அப்புறம் அதை எப்படித் திருப்பறது? வருஷம் ஓடிப் போச்சு.

ஊல்லா: பெர்டிலுக்குத் தெரியுமா?

ரூனே: அவனுக்கு மட்டும்தான். அதான் சிரிச்சிருக்கான் படுபாவி.

ஊல்லா: அப்ப எதுக்குய்யா நான் வரேன்னு சொன்ன?

ரூனே: அவன் படுத்துக் கிடக்கான். நீ வந்து கேக்கற. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. போற வழியில ஏதாவது தோணும்னு நினைச்சேன். ஒண்ணும் தோணல. டயர்தான் தோணுச்சு.

துறைமுகக் காவலர்: ஏதாவது பிரச்சினையா? தள்ளி விட ஆள் கூப்பிடவா?

ஊல்லா: வேண்டாங்க. பேசிக்கிட்டிருக்கோம்.

ரூனே: அவர்கிட்டயே கேப்போமா? யாராவது ஆள்...

ஊல்லா: நகரு.

ரூனே: எங்க?

ஊல்லா: இந்தப் பக்கம் வா. நான் சுத்தி வந்து அந்தப் பக்கம் ஏறிக்கறேன்.

ரூனே: நீ எதுக்கு இந்தப் பக்கம்... ஊல்லா, வேண்டாம். ரெண்டு பேரையும் பிடிச்சு உள்ள போட்டுடுவான்.

ஊல்லா: என் கைப்பையைத் திற. சீப்புக்குக் கீழ பாரு.

ரூனே: ...இது என்ன? இது உன் போட்டோவா?

ஊல்லா: நல்லா விழலை. தெரியும்.

ரூனே: லைசென்ஸ்! எப்ப?

ஊல்லா: போன வாரம்.

ரூனே: எப்படி? செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நீ சர்ச்சுல பாட்டுக் குழுவுக்குத்தானே போன?

ஊல்லா: எனக்குப் பாட வருமா ரூனே?

ரூனே: வராது. அதான் பாவம் அந்தச் சர்ச்னு நினைச்சேன்.

ஊல்லா: ஆஸ்பத்திரிக்குப் போக வர எத்தனை நாளைக்கு பஸ்ஸுக்கு நிக்கறது? காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. ஒருநாள் மத்தியான பஸ்ஸை விட்டுட்டு அந்தக் குளிர்ல நின்னு அழுதேன். மறுநாள் போய் டிரைவிங் ஸ்கூல்ல பேரைக் குடுத்துட்டேன். பனியில ஓட்டிப் பழகற வழுக்குத் தடத்துல வண்டியோட மூணு சுத்து சுத்தினேன். சொல்லிக் குடுக்கறவன் கண்ணை மூடிக்கிட்டான். ஆனா இறங்கிப் போகல.

ரூனே: பெர்டில்கிட்ட சொல்லலையா?

ஊல்லா: பொம்பளைக்குத் திசை தெரியாதும்பானே, அவன்கிட்டயா? இன்னிக்கு ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கட்டும். இந்தக் கியர் எப்படி? ஸ்டியரிங் பக்கத்துல இருக்கு.

ரூனே: இது ஆட்டோமேட்டிக். இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் கொம்பை உன் பக்கம் இழு, கீழ தள்ளு. மெதுவா... மெதுவா தாயே. பிரேக்குல கால் இருக்கா?

ஊல்லா: இருக்கு. திருப்பவா?

ரூனே: திருப்பு. ...ஆகா. கேளு. எவ்வளவு சத்தமில்லாம ஓடுது பாரு.

ஊல்லா: முன்பக்கம் எங்க முடியுதுன்னே தெரியல.

ரூனே: வரவேற்பறையைத் தள்ளிக்கிட்டுப் போறேன்னு நினைச்சுக்கோ. அந்தக் காவலர் ஒதுங்கி நிக்கறாரா?

ஊல்லா: அப்பவே ஒதுங்கிட்டார்.

ரூனே: ...ஊல்லா.

ஊல்லா: ம்.

ரூனே: நடுக்கோடைத் திருநாளுக்குள்ள பெர்டில் எழுந்துட்டான்னா... ஸ்டியரிங்கை அவனுக்குக் குடுத்துடுவல்ல?

ஊல்லா: கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார் ரூனே. கால் வராது. கையும்... அவ்வளவுதான்.

ரூனே: முன்னேற்றம்னு சொன்னியே. வாராவாரம் சொன்ன.

ஊல்லா: நீயும்தான் வாராவாரம் தலையாட்டின.

ரூனே: நான் அவன் கையைப் பிடிச்சுப் பார்த்தேன். அதுல பிடியே இல்ல. நீ நம்பிக்கிட்டு இருக்கியேன்னு வாயைத் திறக்கல.

ஊல்லா: நீ நம்பறன்னு நான் திறக்கல.

ரூனே: ...பாவி. ஆசைப்பட்டு வண்டி வாங்கினான். அதைத் தொடக்கூட முடியாம போச்சே. அதுவும் போயும் போயும் ஒரு ஸ்டேஷன் வேகன்...

ஊல்லா: அவன் எங்க வாங்கினான்? அவன் படுத்த பிறகு நான்தான் வாங்கினேன். ரெண்டு கதவு வண்டி எத்தனையோ பார்த்தேன், எதுலயும் பின்னாடி சக்கர நாற்காலி ஏறாது. இதுல அதுவும் ஏறும், சனிக்கிழமை அதைத் தள்ள நீயும் ஏறுவ. கதவை நல்லா சாத்து.