வண்டியில் குறை இல்லை

— பேனட்டை மூடுங்க ஆபீசரே. வண்டிக்கு ஒரு நோயும் இல்ல.

— நான் என்ன சொல்றேன்னா, இன்னொரு தடவை பாரு. தினமும் நடுங்கிச் சாகறது நான்தானே? சூடு காட்டுற முள்ளு பாதிகூட ஏறல. ஹீட்டரைப் போட்டா யாரோ கொட்டாவி விட்ட மாதிரி காத்து வருது.

— உங்க புலம்பல் தாங்காம போன வாரம்தான் புது தெர்மோஸ்டாட் போட்டேன். கட்டிக்கிட்ட பாவத்துக்குக் கூலிகூட வாங்கல.

— புதுசு மட்டமான சரக்கா இருக்கும். இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம மூடியிருக்க வேண்டியது, தொறந்தே மாட்டிக்கிட்டு நிக்குதோ என்னவோ.

— என் கடைச் சரக்கா மட்டம்? வாயை அளந்து பேசுங்க. தொறந்து நின்னா, ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துலயே ரேடியேட்டர் மேல் குழாய் வெதுவெதுன்னு ஆயிடும். இப்ப நீங்களே தொட்டுப் பார்த்தீங்கல்ல? முள்ளு ஏறுற வரைக்கும் ஜில்லுனு இருந்துச்சு. ஏறினதும் சுர்ருன்னு சுட்டுச்சு. கையை உதறிக்கிட்டு ஒரு குதி குதிச்சீங்களே!

— அப்ப தண்ணி குறைஞ்சிருக்கும்.

— தண்ணி கழுத்து வரைக்கும் இருக்கு. பாலம் வரைக்கும் ஓட்டிட்டும் வந்துட்டேன். முள்ளு நட்டநடுவுல நின்னுச்சு. ஸ்வெட்டரையே கழட்டிட்டேன். வண்டிக்கு என்னைப் பிடிச்சிருக்கு, உங்களைத்தான் பிடிக்கல.

— எனக்கு மட்டும் ஏன் சூடு வர மாட்டேங்குது?

— ஆபீசுக்கு எந்த வழியாப் போறீங்க?

— எப்பவும் போற வழிதான்.

— காது செவக்குது.

— குளிருதுல்ல!

— பொய் சொன்னாலும் செவக்கும். இந்தக் குளிர்ல வண்டியை நிறுத்தி வச்சு, இன்ஜினை சும்மா ஓடவிட்டு, ஹீட்டரையும் முழுசா வச்சாத்தான் இப்படி ஆகும். ரோட்டுல ஓடுற வண்டிக்கு ஆகாது.

— சிக்னல்ல நிக்கறேன்ல.

— டேங்க் காலியாகற வரைக்குமா? அது என்ன ஊர்ல இல்லாத சிக்னல்? பின் சீட்ல போர்வை, பிளாஸ்க். முன் சீட்டைக் கட்டில் மாதிரி சாய்ச்சு வச்சிருக்கு. யாரு அவ?

— ஏய், மெதுவா! ரிப்பேருக்கு வந்து நிக்கற அந்த லாரிக்காரர் காதுல விழப்போகுது.

— நல்லா விழட்டும். ஒருத்தியைக் கூட்டிட்டுப் போறவர் கதகதப்பா ஒரு இடம் பார்க்கக் கூடாதா? அவளுக்கும் மூக்கு ஒழுகுமே, பாவம்!

— எவளும் இல்லடி.

— ...காது செவக்கல.

— அதான் இல்லன்னு சொல்றேன்ல.

— அய்யோ, இப்பதான் எனக்குப் பயமா இருக்கு. என்னங்க? என்ன ஆச்சு?

— நான் என்ன சொல்றேன்னா...

— சொல்லித் தொலைங்க.

— ஆத்தோரமா நிறுத்திட்டு சாயந்திரம் வரைக்கும் வண்டிக்குள்ளயேதான் உட்கார்ந்திருக்கேன். ஆபீஸ்ல என்னை வேண்டாம்னு அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சு.

— ரெண்டு மாசமா? தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேனே!

— கொடுத்தியே. அதைக் கையில வாங்கிட்டு எப்படிச் சொல்றது?

— பேசாதீங்க. வண்டிக் கதவைத் தொறங்க.

— எங்க போகப்போற?

— எங்கயும் போகல. உள்ள ஏறித் தள்ளி உட்காருங்க, நானும் வரேன். முதல்ல கொஞ்சம் அழுதுக்கறேன், அப்புறம் உங்களைத் திட்டறேன்.