வரிசையில் முந்திக்கொண்ட பதிவு

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் பிடித்த படத்தைப் போட்டுவிட்டு சோபாவில் சாய்வதைவிடப் பெரிய ஓய்வு எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் அப்படித்தான். பழைய கறுப்பு வெள்ளைப் படம். மூட்டை தூக்குகிற ஒருவன் ஆள்மாறாட்டத்தில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். ஒரு மணி நேரம் ஓடியதும் உண்மையான நீதிபதி கூண்டில் வந்து நிற்பார். இவன் அவருக்கே அபராதம் போடுவான். முப்பது தடவை பார்த்திருக்கிறோம். அந்த இடத்தில் அண்ணன் ஒரு தடவைகூட சிரிக்காமல் இருந்ததில்லை. நீங்கள் நேரத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்ப்பவன். ஆறு வருடமாக ஒரு வலைப்பூ எழுதிவந்தேன். தொடக்கத்தில் எழுதியதெல்லாம் நான் பார்க்கும் படங்களைப் பற்றி. படித்தவர்கள் பன்னிரண்டு பேர்; அதில் ஒருவர் அண்ணன், ஒருவர் நான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கல்யாணமாகாதவன் என்பதால் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். விழுங்குவதிலும் சிக்கல். தண்ணீராக எதைக் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் ஒரு பவுடர் கொடுத்தார். அதைக் கலந்தால் தேநீர்கூடப் பசைபோல் கெட்டியாகும். “கலக்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். குடிக்கும்போது சிரிக்க வைக்காதீர்கள்” என்றார். நான் குறித்துக்கொண்டேன். எதையும் குறித்துக்கொள்வது என் வழக்கம்.

அந்த வாரம் படத்தை விட்டுவிட்டு அவனைப் பற்றி எழுதினேன். முந்நூறு பேர் படித்தார்கள். இரண்டு மாதத்தில் எட்டாயிரம். அதுவரை என் முகம்கூடத் தெரியாத மேலாளர், மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

பிறகு அண்ணன் தேறத் தொடங்கினான். எனக்குச் சந்தோஷம்தான். அதையும் எழுதினேன். அவன் தானே சட்டை மாட்டிக்கொண்ட வாரம் இரண்டாயிரம் பேர். தெருமுனை வரை நடந்த வாரம் அறுநூறு.

ஒருநாள் பவுடர் கலக்க மறந்துவிட்டேன். அது நிஜமாகவே மறதி. காய்ச்சல் வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தான். அந்தப் பதிவைப் பதினோராயிரம் பேர் படித்தார்கள். இரண்டாவது தடவையை மறதி என்று சொல்லமாட்டேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் அவன் உடம்பு கல். மறுபடியும் எழுந்துவிட்டான். உடற்பயிற்சி கற்றுத்தர வரும் பெண்ணை டீச்சரம்மா என்று கூப்பிடுவான். அவர் முன்னாலேயே என்னைக் கேலி செய்வான்.

“எழுத்தாளரே, இந்த வாரம் நான் அழுதேனா, சிரிச்சேனா? முன்னாடியே சொல்லிட்டா அதுக்கேத்த மாதிரி நடந்துக்குவேன்.”

“சும்மா இருங்கண்ணே. அவர் எழுதறதைப் படிச்சிட்டு எங்க வீட்ல எல்லாரும் அழறாங்க” என்றார் டீச்சரம்மா.

“அழட்டும். அடுத்த மாசம் நான் என் ரூமுக்கே போயிடறேன். நான் கடைக்குப் போயி சோப்பு வாங்கினதை எவன்டா படிப்பான்? பழையபடி சினிமாவை எழுது.”

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே அவனுக்கான இரங்கல் பதிவை எழுதினேன். நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். நான் சின்ன வயதில் ஏணியிலிருந்து விழுந்தபோது அவன் கீழே நின்று தாங்கிப்பிடித்ததும் அதில் வருகிறது. என் வலைப்பூவில் பதிவுகள் வரிசையாகக் காத்திருக்கும்; ஞாயிறு ஐந்து மணிக்கு முதலில் நிற்பது தானாக வெளியாகும். முதலாவது அவன் நடைப்பயிற்சி பற்றியது. இரங்கலை அதற்குப் பின்னால் வைத்தேன். அடுத்த ஞாயிறுக்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பது என் கணக்கு.

அந்த ஞாயிறு காலை நடைப்பயிற்சிப் பதிவை மறுபடி படித்துப் பார்த்தேன். உப்புச் சப்பில்லை. நீக்கிவிட்டேன். நீக்கினால் பின்னால் நிற்பது முன்னால் வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. படிவங்களில் இப்படி ஒரு பிழையை நான் விட்டதே கிடையாது.

நான்கு மணிக்குப் படம் போட்டோம். ஐந்துக்குச் சற்று முன்பு தேநீரை அவன் இடது கையில் கொடுத்தேன். நீதிபதி கூண்டில் ஏறிக்கொண்டிருந்தார். அப்போது அவன் கைப்பேசி ஒலித்தது. நான் எதை வெளியிட்டாலும் முதலில் அவனுக்குத்தான் தகவல் போகும். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, படத்தை நிறுத்தி, கடைசி வரி வரை படித்தான்.

“நல்லா எழுதியிருக்கே. அந்த ஏணி விஷயம் எனக்கே மறந்துபோச்சு.”

பிறகு கோப்பையை லேசாகச் சாய்த்துப் பார்த்தான். தேநீர் மேசைமேல் தண்ணீராக ஓடியது.

“பவுடர் தீர்ந்துடுச்சா?”

“இருக்கு.”

கோப்பையை என் பக்கம் தள்ளினான். “தம்பி, டீச்சரம்மாவுக்கு ஒரு போன் போடு” என்றான். அவன் என்னைத் தம்பி என்று கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அவன் கைப்பேசியை எடுத்தேன். அதற்குள் நாற்பத்தொரு பின்னூட்டங்கள் வந்திருந்தன. பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதுகொண்டிருப்பதாகவும் உடனே வருவதாகவும் டீச்சரம்மா எழுதியிருந்தார். அவர் வந்தபோது அண்ணனுக்கு மூச்சு இருந்ததாக உங்கள் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார். உண்மைதான். மூன்றாம் நாள்தான் நின்றது.

அவர் வருவதற்கு முன், கோப்பையில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. அவனுக்கு வேலை செய்வது இடது கை மட்டும்தான். அதை முழங்காலால் அழுத்திக்கொண்டேன். படத்தையும் ஓடவிட்டேன், அவனுக்குப் பிடித்த இடமாயிற்றே என்று. முழுவதையும் நான்தான் புகட்டினேன்.

பதிவை நீக்கிவிட்டு, தவறுதலாக வெளிவந்துவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். எழுதியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் நம்பி அழுதுவிட்டார்கள். ஆறு வருடத்தில் என் வாசகர்களிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.