எம்எல்ஏ பேருல ஒரு வக்காலத்து

...அப்படி வாதாடி ஜெயிச்ச மனுசன்னா நெனச்சீரு? அட போம்வே. பாளையங்கோட்டை கோர்ட்டுல இருபத்திரெண்டு வருசம் அவருக்குக் குமாஸ்தாவா கேஸுக் கட்டு தூக்குனவன் நான், சங்கிலிபூதத்தான். எங்கிட்ட கேளும். நெல்லையப்பன் வக்கீலு ஜெயிச்சதெல்லாம் வாய்தாவுல. வயித்துவலின்னு ஒரு வாய்தா, ஆனித் தேரோட்டம்னு ஒரு வாய்தா. மாமியா செத்துட்டாவன்னு மட்டும் மூணு தடவ மனு போட்டிருக்கோம். அந்தம்மா இன்னைக்கும் டவுண்ல வாசல் தெளிச்சுக் கோலம் போடுதா. மனு எழுதுனது யாருங்கீரு... சரி, அத விடும்.

எம்எல்ஏவப் பாக்க உம்ம டோக்கன் எத்தன? பதினொண்ணா. எனக்குப் பத்து. இருக்கட்டும், பைய போலாம், உக்காரும்.

எலெக்சனுக்கு நின்னாரு பாரும். சித்திரை வெயிலுல கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு எங்க சீவலப்பேரிக்கு ஓட்டுக் கேட்டு வாராரு. கோட்டப் பாத்ததும் ஜப்திக்குத்தான் ஆளு வந்துட்டுன்னு பொம்பளையெல்லாம் ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கிட்டு உள்ள போயி கதவச் சாத்திட்டாளுவ. நான்தான் வீடுவீடாத் தட்டி, ஏட்டி, இது நம்ம வக்கீலுட்டின்னு சொல்லி வெளிய கொண்டாந்தேன். கோட்டு மாட்டச் சொன்னதும் நான்தான், அது வேற விசயம்.

ஜெயிச்சாச்சு. சட்டசபையில மொதப் பேச்சு. டீக்கடையில ஊரே ஒரு செல்லுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கு. எந்திரிச்சாரு, துண்டச் சரி பண்ணுனாரு, சபாநாயகரப் பாத்து ‘கனம் கோர்ட்டார் அவர்களே’ன்னாரு. சபையே சிரிக்கு. கால்வாய் மடை ஒடஞ்சு கெடக்கத பேசப் போனவரு, விவரம் திரட்ட அவகாசம் வேணும்னு கேட்டுட்டு உக்காந்துட்டாரு. வாய்தாப் பழக்கம், என்ன செய்ய.

உம்ம மனு தெருவெளக்கா? இம்புட்டு தூரம் இதுக்கா வந்தீரு. வாங்குவாரு, நல்லா வாங்குவாரு. கண்ணாடியப் போட்டு முழுசா வாசிப்பாரு. மூணாவது வரியில பிழை திருத்துவாரு. ‘தேதி போடலையே, அடுத்த வாரம் சரியா எழுதிட்டு வாங்க’ம்பாரு. அதுக்குள்ள உங்க தெருவுக்கு இருட்டே பழகிரும்.

எனக்கா? எனக்கு வயித்தெரிச்சல்வே. எந்தங்கச்சி பேச்சித்தாய், புருசன் இல்லாதவ. அவளுக்குன்னு இருந்தது அறுபது சென்டு வயலு, அதையும் கொழுந்தன் அமுக்கிட்டான். ஒம்பது வருசமா கேஸு. வக்கீலு இவருதான். போன மாசம் கோர்ட்டுல மூணு தடவ கூப்பிட்டிருக்காவ, வக்கீலு ஆஜராகல. தள்ளுபடி. மறுநாளே கொழுந்தன் டிராக்டர எறக்கிட்டான். அவ வரப்புல நின்னு மண்ண வாரித் தூத்துதா, எம்எல்ஏ எங்குடியக் கெடுத்துட்டான்னு. நானும் பக்கத்துலதான் நின்னேன்.

என்ன அப்படிப் பாக்கீரு? எம்எல்ஏ ஆனவரு கோர்ட்டுக்கு எப்படி வருவாருங்கீரா?

...அது சரிதான். பதவி ஏத்த மறுவாரமே எல்லாக் கேஸுக் கட்டையும் எடுத்தாரச் சொன்னாரு. வேற வக்கீலு வச்சுக்கிட ஆட்சேபனை இல்லன்னு ஒவ்வொண்ணுலயும் கையெழுத்துப் போட்டாரு. கடேசியில அவரே கேட்டாரு. ‘அண்ணாச்சி, உங்க தங்கச்சி கட்டு எங்க?’

‘அது ரெண்டு பக்கமும் பேசி ராஜியாயிட்டுய்யா’ன்னேன்.

பொய்தான். எம்எல்ஏ பேரு வக்காலத்துல கெடந்தா கொழுந்தன் நடுங்கிப்போயி தன்னால ராஜிக்கு வருவான்னு ஒரு நெனப்பு. அவனா நடுங்குனான்? இந்த வக்கீலு வரவே மாட்டாருன்னு நிம்மதியாத் தூங்கியிருக்கான். விசாரணைத் தேதி எனக்குத் தெரியும்வே. அன்னைக்கு இவரு நிழற்குடை திறக்கப் போனாரு, நான் அவரு கழுத்துல விழுந்த மாலையெல்லாம் வாங்கி அடுக்கிக்கிட்டு நின்னேன். கூறுகெட்ட சவம், அடியோட மறந்துட்டேன்.

முப்பது நாளுக்குள்ள மனு போட்டா கேஸ மறுபடி எடுப்பாவ. இன்னைக்கு இருபத்தெட்டு. இவரு கையெழுத்து வேணும். கையெழுத்து வேணும்னா நான் சொன்ன பொய்ய அவரு மூஞ்சிக்கு நேரா நானே சொல்லணும். சொல்லிரலாம்னுதான் விடியமுன்ன வந்தேன். என் டோக்கன மாத்தி மாத்தி நாலு பேர முன்ன அனுப்பிட்டேன்.

எய்யா... கேட்டத் தெறந்துக்கிட்டு வாரது பேச்சித்தாயில்லா? இவ எதுக்கு இங்கன... என்னப் பாத்துட்டா. சிரிக்காளே. எனக்காக அண்ணன் காலையிலேருந்து காத்துக் கெடக்கானேன்னு சிரிக்கா.

ஓய், நீரு ஏன் எந்திரிக்கீரு? பொம்பளைக்கு எடம் விடவா? வேண்டாம்வே, எந்திரிக்காதேயும். அவள எம்பக்கத்துல உக்கார வச்சிராதேயும்...