எண்ணெய்த் தொட்டியில் இல்லாத தகடு

எனக்கு முதுகுவலி வந்து பதினோரு வருஷமாகிறது. பைக் இன்ஜின் பூட்டிய காருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. பின்னுக்கு எடுக்க வேண்டுமென்றால் ஆள்தான் தள்ள வேண்டும். டெரன்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வான், நான் தள்ளுவேன். சாய்ந்துகொள்ளத் தலையணை கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். வக்கீல் வேண்டாம்.

டெரன்ஸும் நானும் ஷ்ராப்ஷயரில் ஒரே தெரு. அவன் வீட்டு கராஜில் இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டி எங்கள் முதல் காரைக் கட்டினோம். நானூற்றைம்பது கிலோதான் எடை. நொறுங்கிய பைக் ஒன்றிலிருந்து கழற்றிய இன்ஜின். வெல்டிங் என் வேலை, இன்ஜின் அவன் வேலை. மலைச்சாலைப் பந்தயத்தில் ஒவ்வொரு காராக மேலே விரட்டி நேரம் பார்ப்பார்கள். ஒரே காரை இருவர் மாறி மாறி ஓட்டலாம். எங்கள் காரை டெரன்ஸும் என் மகன் எலியட்டும் ஓட்டினார்கள்.

எலியட்டுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீண்ட இடது வளைவில் இன்ஜின் சுழலாமல் பிடித்துக்கொண்டது. பின்சக்கரங்கள் இறுகிப்போய், கார் பக்கவாட்டில் வழுக்கி ஓக் மரத்தில் மோதியது. விசாரணையில் விபத்து என்று முடிவானது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

நான்கு வருஷம் கழித்து, கராஜில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது டெரன்ஸ் தானாகவே சொன்னான்.

“அந்தத் தகடு மட்டும் உள்ள இருந்திருந்தா பையன் பொழச்சிருப்பான், கார்டன். பந்தயத்த விட மனசில்லாம தொட்டிய அப்படியே மூடிட்டேன்டா. ஒரு நாளைக்கு என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்.”

பைக் வளைவில் சாயும். அதனால் இன்ஜின் எண்ணெய் அதன் தொட்டியின் அடியிலேயே நிற்கும். கார் சாயாது. வேகமாகத் திரும்பினால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், இன்ஜின் வறண்டு பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கத் தொட்டிக்குள் ஒரு தகடு வைப்பார்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

அவன் அழுதான். “டீ ஆறிடப்போகுது, குடி” என்றேன். பிறகு, இன்னொரு கார் கட்டலாமா என்று கேட்டேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஒன்றரை வருஷம் பிடித்தது. அவனுடைய ஒரே மகள் இமோஜென் சனிக்கிழமைதோறும் வருவாள். எனக்குக் கெட்சப் பிடிக்காது என்று தெரிந்து, அது இல்லாமல் பன்றிக்கறி ரொட்டி வாங்கி வருவாள். காரை அவளும் ஓட்டட்டும் என்று சொன்னது நான்தான். இருக்கையை அவள் அளவுக்கே செய்தேன்.

இந்த முறை தகட்டை நானே வெல்ட் செய்தேன். டெரன்ஸ் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அசத்திட்டடா” என்றான். அவன் பார்த்துப் போன மறுநாள் அதை வெட்டி எடுத்துவிட்டுத் தொட்டியை மூடினேன்.

பந்தய நாள் காலையில் மழை. வழுக்கும் சாலையில் யாரும் விரட்டவில்லை, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் சாலை காய்ந்தது.

“யாரு முதல்ல?” என்றான் டெரன்ஸ்.

“புள்ள போகட்டும். உன் நேரத்தத் தாண்டிடுவாளோன்னு பயமா?”

“பொறந்ததுலேருந்து என்னத் தாண்டிக்கிட்டுத்தான் இருக்கா.”

பெல்ட்டை நான்தான் இறுக்கினேன். “எல்லாம் சரியா இருக்கா, அங்கிள்?” என்று கேட்டாள்.

“ஜோரா இருக்கும்மா. எடது வளைவுல மட்டும் வேகத்தக் கொறைக்காத.”

அந்த வளைவுக்குப் போக இருபத்திரண்டு நொடி. நான் சாலையைப் பார்க்கவில்லை. டெரன்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. அதைப் பார்க்கத்தான் ஒன்றரை வருஷம் உழைத்தேன்.

அவனைக் கொல்ல நான் நினைத்ததே இல்லை. அவன் இருக்க வேண்டும். காலையில் எழுந்து, அவளுடைய அறைக் கதவைத் தாண்டிக் குளியலறைக்குப் போக வேண்டும், நான் எலியட்டின் அறையைத் தாண்டிப் போவதைப் போல. இமோஜென்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. நல்ல பெண்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. எலியட்டின் காருக்கான தகட்டை வெள்ளிக்கிழமைக்குள் செய்து தருவதாகச் சொல்லியிருந்தவன் நான்தான். வேறு வேலை வந்துவிட்டது. பாதி வெட்டியபடி என் மேசையில் கிடந்தது. டெரன்ஸ் இதை விசாரணையிலும் சொல்லவில்லை, அன்று அழுதபோதும் சொல்லவில்லை. அவனே வேறொன்று செய்து போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.