முனியாண்டிக்கு நேர்ந்த போத்தல்

— உள்ள வாம்மா கங்கா, ஏன் படியிலயே நிக்கிற? ஒன் வீட்டுக்காரரு எங்க? புனிதன் மோட்டோ சைக்கிள நிப்பாட்டிட்டு வர்றாரா?

— அவரு வரல, ரமணி அண்ணே. நான் மட்டுந்தான் வந்தேன்.

— எஸ்டேட்டுலேர்ந்து தஞ்சோங் காராங் வரைக்கும் தனியாவா? சரி, ஒக்காரு. கூட்டம் ஆரம்பிக்க இன்னும் அரை மணி இருக்கு. கோப்பி கலக்கவா?

— ஒன்னும் வேணாம். மறுபடியும் குடிக்கிறாருண்ணே. வெள்ளிக்கெழமேலேர்ந்து மூனு நாளா விடாம.

— மூனு நாளாவா? அட கடவுளே! குடிக்காம தொண்ணூறு நாளு தாண்டுன மனுசன் லா அவரு!

— தாண்டுனாரே! இப்ப எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால சம்சு சாராயப் போத்தலோட கெடக்குறாரு. போன தடவையே ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க, இனிமே குடிச்சா ஈரல் தாங்காதுன்னு. நீங்கதான குடிய விடுறவங்களோட இந்தக் கூட்டத்துக்குத் தலைவரு? வந்து இழுத்துட்டு வாங்கண்ணே.

— தலைவரா? நல்லா சொன்ன போ. நானும் குடிகாரன்தாம்மா. பதினோரு வருசமா குடிக்காத குடிகாரன், அவ்ளோதான். இழுத்துட்டு வந்து ஒக்கார வச்சவன் ஒருத்தனும் இங்க நெலைக்கல. ஏழு தடவ போன் போட்டேன், எடுக்க மாட்டேங்குறாரு.

— அப்ப நான் எங்கதான் போறது? இந்த எடத்தக் கண்டுபிடிக்கவே நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியாது. கோலாலம்பூர்ல ஒரு கூட்டம், எல்லாம் இங்கிலீசு. மத்தவங்க சிரிச்சப்ப இவரும் சிரிச்சாரு, அழுதப்ப தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. திரும்பி வர்ற வழியில பஸ் ஸ்டேசன்லயே குடிச்சாரு. சுங்கை பெசார்ல தமிழ்க் கூட்டம் இருக்குன்னாங்க, விழுந்தடிச்சுப் போனா அங்க பஜனை நடக்குது!

— சிரிக்கக் கூடாது, மன்னிச்சுக்க.

— சிரிங்கண்ணே. அப்ப நாங்களும் சிரிச்சோம். கல்யாணம் ஆன பதினஞ்சு வருசத்துல அவரும் நானும் சேந்து சிரிச்சது அன்னிக்குத்தான்.

— நெதானமா சொல்லு. வெள்ளிக்கெழம என்ன ஆச்சு?

— கோயில்ல பூச வச்சேன். எங்க எஸ்டேட்டு முனியாண்டிக்கு நேந்துக்கிட்டிருந்தேன். இவரு தொண்ணூறு நாளு குடிக்காம இருந்தா ஒரு சேவலும் ஒரு பெரிய போத்தலும் வைக்கிறேன்னு.

— போத்தலா? என்ன போத்தல்?

— பிராந்திதான், வேற என்ன?

— ஏம்மா! குடிய நிப்பாட்டுனதுக்குச் சாமிக்குக் குடியவா நேந்துக்கிட்ட?

— பின்ன, முனியாண்டிக்குப் பால்கொடமா எடுப்பாங்க? எங்க அப்பா காலத்துலேர்ந்து அந்தச் சாமிக்குச் சாராயமும் சுருட்டுந்தான் வைக்கிறோம். சாமிக்குத்தான நேந்தேன், இவருக்கா நேந்தேன்? அப்ப அப்படித்தாண்ணே தோணுச்சு.

— சரி, சரி. அழுவாத. பூச முடிஞ்சுச்சு. அப்புறம்?

— படைச்சத மிச்சம் வைக்கக் கூடாது. பாதிய மண்ணுல ஊத்திட்டு, மீதிய நேந்துக்கிட்ட வீட்டு ஆம்பளைக்கு மொதல்ல குடுத்து, அப்புறந்தான் மத்தவங்களுக்கு. எங்க கோயில் வழக்கம் அது. சேது பூசாரி கிளாஸ்ல ஊத்தி நீட்டிட்டாரு. எல்லாம் அந்தப் பூசாரியால வந்த வென! இவரப் பத்தி ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? நாசமாப் போவ!

— பூசாரி குடுத்தாரா?

— ஆமாண்ணே. ஏன்?

— இல்ல... புனிதன் அன்னிக்கே எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. அழுதுக்கிட்டே பேசுனாரு.

— என்ன சொன்னாரு?

— “அண்ணே, நானாதான் எடுத்துக் குடிச்சேன். யாரும் குடுக்கல. இதுக்குக் கங்காவ யாரும் ஒன்னும் கேக்காதீங்க”ன்னு. ஒன்னைய எதுக்கு இதுல இழுக்குறாருன்னு எனக்கு வெளங்கவே இல்ல.

— அப்படியா சொன்னாரு?

— அப்படியேதான். இங்க பாரும்மா, கூட்டம் முடிஞ்சதும் நானும் இன்னொருத்தரும் ஒங்கூட எஸ்டேட்டுக்கு வர்றோம். வீட்டு வாசல்ல ஒக்காருவோம். அவரு பேசுனா பேசுவோம், தொரத்துனா நாளைக்கு வந்து ஒக்காருவோம். அதுக்கு மேல எங்க கையில ஒன்னும் இல்ல. ஒங்கையிலயும் இல்ல. நீ என்ன பண்ணுவ, பாவம்? ஒன் மேல தப்பே இல்ல.

— அப்படிச் சொல்லாதீங்கண்ணே. பூசாரி நீட்டுனாரு, அவரு வாங்கல. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு என் மொகத்தையே பாத்தாரு. சின்னப் புள்ள மாதிரி பாத்தாருண்ணே. ஊரே நிக்குது, சாமி குத்தம் ஆயிடுமேன்னு பயந்து, “ஒரு வாய்தான, வாங்கிக்குங்க”ன்னு நான்தான் சொன்னேன்.