சீனிராசுவின் காக்கிச் சட்டை

பழைய வாத்தியார்னு பேசக் கூப்பிட்டீங்க, பேச்சு நீண்டுக்கிட்டே போகுது... நடுவுல ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன். கையில இருக்கிற வடையைக் கொஞ்சம் கீழ வைங்க. இது வாசனையைப் பத்தின கதை!

போடிநாயக்கனூர்ல சீனிராசுன்னு ஒருத்தர். ஏலக்காய் குடோன்ல மூட்டை தூக்குறவர். அவர் தெருமுனையில வரும்போதே வீட்டுல மணக்கும். ஏலக்காய்... கொஞ்சம் பீடி... கொஞ்சம் வேர்வை. மக நாகஜோதி கைக்குழந்தையா இருக்கிறப்பவே மனுஷன் போய்ச் சேந்துட்டார்.

அவர் சம்சாரம் பாப்பம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? அவர் கடைசியாப் போட்ட காக்கிச் சட்டையைத் துவைக்கவே இல்ல! தகரப் பெட்டியில பூட்டி, தண்ணிப் பானைக்குப் பக்கத்துல, சில்லுன்னு இருக்கிற தரையில வெச்சுட்டாங்க. ஏன்? வாசனைங்கிறது நூல்ல ஒட்டிக்கிட்டு இருக்கிற பொடிப்பொடித் துகள். குளிர்ச்சியில கெட்டியா ஒட்டியிருக்கும். சூடு பட்டா விட்டுட்டுக் கிளம்பிடும். நான் வேதியியல் நடத்துனப்ப நீங்க தூங்குன பாடம்தான் இது!

வருஷா வருஷம் அவர் திதிக்கு மட்டும் சட்டை வெளிய வரும். படத்துக்கு முன்னால வெச்சுக் கும்பிட்டு, ஒரு தடவை மோந்து பாத்துட்டு, உடனே பூட்டிருவாங்க. மகளைக்கூடத் தொட விடமாட்டாங்க!

நாகஜோதி காலேஜ் போற வயசு. அந்த வருஷத் திதிக்கு அம்மா அடுப்படியில இருக்காங்க. இவ படத்துக்கு முன்னால இருக்கிற சட்டையைப் பாக்குறா. "அப்பா சட்டை இப்படியா கசங்கிக் கிடக்கும்?" பாசம்தான்! இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி... ஒரு இழுப்பு இழுத்தா பாருங்க!

வீடு பூரா... ஏலக்காய்! பீடி! வேர்வை!

பாப்பம்மா கரண்டியோட ஓடி வந்தாங்க. "அடிப் பாவி மகளே! என்னடி காரியம் பண்ணிட்ட! அவருன்னு எனக்கு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதானடி!"

நாகஜோதி அசையல. கண்ணை மூடி, மூச்சை இழுத்துக்கிட்டே கேட்டா... "அம்மா... இதுதான் அப்பாவா?"

பாப்பம்மாவோட அழுகை அப்படியே நின்னுபோச்சு. அப்பத்தான் அந்த அம்மாவுக்கு உறைச்சுது. பெத்த மகளுக்கு அப்பன் வாசம்கூடத் தெரியாம வளத்துட்டோமே! மகளை இழுத்து அணைச்சுக்கிட்டாங்க. "ஆமாத்தா... இதுதான் உங்கப்பா. நல்லா இழுத்துக்க."

கொஞ்ச நேரத்துல வாசம் போயிருச்சு. ஆனா அன்னைக்குத்தான் பாப்பம்மா புருஷனைப் பத்தி மகள்கிட்ட வாய் திறந்து பேச ஆரம்பிச்சாங்க.

என் பிள்ளைகளா... நாம என்ன செய்யிறோம்? செத்துப்போனவங்க நெனப்பைப் பூட்டி வெச்சுக்கிட்டு, நாம மட்டும் தனியா அழுறோம். பத்திரமாத்தான் இருக்கும்... யாருக்குப் போய்ச் சேரும்? இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க பிள்ளைகளைக் கூப்பிடுங்க. உங்கப்பா எப்படிச் சிரிப்பார்... உங்கம்மா எப்படித் திட்டுவாங்க... சொல்லுங்க. சொல்லும்போது அழுகை வரும். வரட்டும்! நீங்க சொல்லலேன்னா அந்தப் பிள்ளைகளுக்கு அவங்க வெறும் படம்தானய்யா... மாலை போட்ட வெறும் படம்!