வந்த மெயிலைத் திருப்பாத சர்வர்

பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பது இந்த வயதிலும் விடாத கெட்ட பழக்கம். தொண்ணூறுகளின் கடைசியில், திருப்பூரிலிருந்து கோவை வரும் பேருந்து. முன் இருக்கையில் பனியன் கம்பெனி முதலாளி. பக்கத்தில், அவருக்காக ஈமெயில் சர்வர் அமைக்கக் கற்றுவந்த மைத்துனர்.

“ஏனுங்க மாப்ள, நம்ம மெயில் ஜெர்மனிக்குப் போகலீன்னா ஆர்டர் போயிருமுங்களே?”

“எவனெவனோ அனுப்புற விளம்பரத்தையெல்லாம் நம்ம சர்வர் வாங்கி ஊருக்கே சேர்த்துவிடுதுங்க மச்சான். அதனால ஜெர்மனிக்காரங்க நம்ம மெயிலையே வாங்காம அடைச்சுப்போட்டாங்க.”

“வெளியாளுங்க மெயிலை வாங்காம இருக்கறதுதானுங்க?”

“அப்படித்தானுங்க வெச்சிருந்தேன். ஊடு தேடி வந்ததைத் திருப்பறது மரியாதையான்னு நீங்கதான் தொறக்கச் சொன்னீங்க.”

சூலூர் தாண்டியதும் முதலாளி மைத்துனர் பக்கம் திரும்பினார்.

“சரி, பூட்டிப்போடுங்க. திருப்பறப்ப மட்டும், ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்கன்னு எழுதிவிடுங்க.”